மாலையில் சரியும் இமை

நாக்பூரில் இருக்கும் என் சித்தி 30 வருடங்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்துக் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் தினமும் மாலையில் அவரிடம் பாடம் படிக்க வருவார்கள். வித்தியாசத்தை முதலில் கவனித்தது அந்தக் குழந்தைகள்தான். பாடம் தொடங்கும்போது கணீரென்று இருக்கும் டீச்சரின் குரல் அரை மணி நேரத்தில் மூக்கால் பேசுவது போல ஆகிவிடும். இடது கண் இமை மெல்லச் சரியும். "தூக்கம் வருதா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டிருக்கிறான். அன்றைக்குச் சித்தி சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

பிறகு சாப்பாட்டில் தொல்லை ஆரம்பித்தது. முதல் சப்பாத்தி சுலபமாக இறங்கும். இரண்டாவதைப் பாதி மெல்லும்போதே தாடை ஓய்ந்துவிடும். முகவாயைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுவார். தண்ணீர் குடித்தால் சில சமயம் மூக்கு வழியாக வந்துவிடும். குடும்ப டாக்டர் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கண் டாக்டரிடம் காலை 10 மணிக்குப் போனார்கள். அப்போது இமை நேராகவே இருந்தது. கண்ணாடியின் பவரை மாற்றிக் கொடுத்தார். சித்தப்பா காலமாகி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. "மனசுதான் காரணம்" என்று ஆளுக்கு ஆள் சொல்ல, மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் வீட்டுக்கு வந்தது.

இந்த வரிசையில் விசேஷம் எதுவும் இல்லை. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோய் உள்ளவர்கள் பலர் இதே பாதையில்தான் நடந்து வருகிறார்கள். இந்த நோயின் குணமே ஏமாற்றுவதுதான். காலையில் எழுந்ததும் ஆள் தெம்பாக இருப்பார். வேலை செய்யச் செய்யத் தசை சோர்ந்துபோகும். சற்று ஓய்வெடுத்தால் திரும்பவும் சரியாகிவிடும். டாக்டரின் அறை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து காத்திருக்கும் நோயாளி, உள்ளே போகும்போது ஓய்வெடுத்துவிட்டுத்தான் போகிறார். வலி இல்லை, மரத்துப்போவது இல்லை, ரத்தப் பரிசோதனையில் வழக்கமாகப் பார்ப்பவை எதிலும் குறை தெரிவதில்லை. நடிக்கிறார் என்றோ மனக்கவலை என்றோ மற்றவர்கள் முடிவுகட்டிவிடுவது அதனால்தான்.

நோய் புதியதல்ல. இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ் 1672-ல் வெளியான தன் நூலில், அதிக நேரம் பேசினால் பேச்சே நின்றுபோகும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓய்வெடுத்த பிறகு அந்தப் பெண்ணுக்குப் பேச்சு திரும்பியது. படித்தபோது எனக்குச் சித்தியின் ஞாபகம்தான் வந்தது. இந்தியாவில் பலருக்கு இந்த நோயின் பெயர் அறிமுகமானது 1980களில் அமிதாப் பச்சனுக்கு இது இருப்பது தெரிய வந்தபோதுதான்.

நோய் எந்த இடத்தில் இருக்கிறது? மூளையில் இல்லை, நரம்பில் இல்லை, தசையிலும் இல்லை. நரம்பு தசையைத் தொடும் அந்த மிகச் சிறிய சந்திப்பில் இருக்கிறது. நரம்பின் நுனி வரை வரும் மின்செய்தி அங்கே அசிடைல்கோலின் என்ற ரசாயனமாக மாறுகிறது. அந்த ரசாயனம் இடைவெளியைக் கடந்து, தசையின் பரப்பில் இருக்கும் ஏற்பிகளைப் போய்ச் சேர்ந்தால் தசை சுருங்கும். மயஸ்தீனியா நோயாளியின் உடம்பு, கிருமிகளைத் தாக்குவதற்காக வைத்திருக்கும் எதிர்ப்பொருள்களை இந்த ஏற்பிகளின் மேலேயே ஏவிவிடுகிறது. ஏற்பிகள் குறைந்துபோகின்றன. செய்தி கிளம்புகிறது, வாங்கிக்கொள்ள ஆள் போதவில்லை.

இதைக் கண்டுபிடித்ததில் பாம்புக்கும் பங்கு உண்டு. தைவானில் உள்ள ஒரு கட்டுவிரியன் வகையின் விஷத்திலிருந்து 1963-ல் பிரித்தெடுக்கப்பட்ட ஒரு நச்சுப்பொருள், இந்த ஏற்பிகளை மட்டும் தேடிப்போய் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதை வைத்து ஏற்பிகளை எண்ண முடிந்தது. நோயாளிகளின் தசையில் அவை வெகுவாகக் குறைந்திருப்பது 1973-ல் நிரூபணமானது. நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்தவருக்கு முதலில் இமை சரிவதைப் பார்த்தவர்கள் நம் ஊரில் உண்டு. அதே சந்திப்பில்தான் அங்கேயும் கோளாறு.

சோர்வு என்பது நோயாளி சொல்லித்தான் தெரிய வேண்டுமா, கண்ணால் பார்க்க முடியாதா? இந்தக் கேள்விக்கான பதில்தான் நரம்புத் தூண்டல் சோதனை. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ் யோலி, 1890களில் பெர்லினில் நோயாளியின் தசையைத் திரும்பத் திரும்ப மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார். சுருக்கம் படிப்படியாகக் குறைந்தது. சற்று ஓய்வு கொடுத்தபோது திரும்பி வந்தது. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற பெயர் நிலைத்ததும் அவரால்தான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹார்வி, மாஸ்லண்ட் என்ற இருவர் 1941-ல் தசையின் மின்துடிப்பையே பதிவு செய்து, குறைவதை அளந்து காட்டினார்கள். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

சோதனை எப்படி நடக்கிறது? நோயாளியைப் படுக்க வைப்பார்கள். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கைச் சதையில் சிறிய எலெக்ட்ரோடுகளை ஒட்டுவார்கள். மணிக்கட்டில் நரம்பு ஓடும் இடத்தில் லேசான மின்சாரம் கொடுப்பார்கள். முழங்கையை மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று ஓடுமே, அதே நரம்புதான். ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டது போல ஒரு வெடுக்கு. விரல் தானாகத் துள்ளும். நரம்பின் எல்லா இழைகளும் எழும்பும் அளவு வரும் வரை மின்சாரத்தைக் கூட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் வைப்பார்கள். பிறகு விநாடிக்கு 2 அல்லது 3 முறை என்ற வேகத்தில் தொடர்ச்சியாக ஐந்து முதல் பத்துத் தூண்டல்கள். ஒவ்வொன்றுக்கும் தசை கொடுக்கும் துடிப்பு திரையில் ஒரு மேடாகத் தெரியும். ஆரோக்கியமானவருக்கு மேடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். நோயாளிக்கு இரண்டாவது குறையும், மூன்றாவது இன்னும் குறையும். நான்காவதோ ஐந்தாவதோ 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் சோதனை நோயின் பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். முதல் துடிப்பு 8 மில்லிவோல்ட், நான்காவது 6 மில்லிவோல்ட் என்றால் 25 சதவீதக் குறைவு.

ஏன் இப்படிக் குறைகிறது என்பதற்கு ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் கைக்கெட்டும் இடத்தில் கொஞ்சம் சரக்குப் பொட்டலம் கட்டி வைத்திருப்பார். மீதி பின்னால் கிடங்கில் இருக்கும். முதலில் வரும் நாலைந்து பேருக்குக் கையிருப்பு போகப் போகக் குறைந்துகொண்டே வரும். அதற்குள் கிடங்கிலிருந்து புது மூட்டை வந்துவிடும். நரம்பு நுனியும் அப்படித்தான். ஒவ்வொரு தூண்டலுக்கும் அது விடும் அசிடைல்கோலின் முதல் சில தடவைகளில் குறைந்துகொண்டே போவது எல்லோருக்கும் இயல்பு. நமக்கு ஏற்பிகள் ஏராளமாக இருப்பதால் அந்தக் குறைவு பொருட்டே இல்லை. ஏற்பிகளை இழந்தவருக்கு உபரி என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு தூண்டலிலும் இன்னும் சில தசை இழைகள் சுருங்காமல் நின்றுவிடுகின்றன. ஐந்தாவதுக்குப் பிறகு கிடங்குச் சரக்கு வந்து சேர்வதால் உயரம் சற்றே தேறுவதும் உண்டு. வேகமாகத் தூண்டினால் நரம்பு நுனியில் கால்சியம் சேர்ந்து, அசிடைல்கோலின் அதிகமாக வெளிப்பட்டு, குறையை மூடி மறைத்துவிடும். அதனால்தான் விநாடிக்கு 2, 3 என்ற நிதானமான வேகம்.

இவ்வளவு தெளிவான சோதனை சித்திக்கும் நடந்தது. டிசம்பர் மாதம், காலை வேளை, ஏசி அறை. ஒரு கையில், ஒரே ஒரு தசையில் பார்த்தார்கள். 'நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தது. என் தம்பி, அதாவது சித்தியின் மகன், அம்மாவிடம் ரிப்போர்ட்டைக் காட்டி, "டெஸ்டே நல்லா இருக்கும்மா. நீதான் மனசப் போட்டுக் குழப்பிக்கிற" என்றான். சித்தி அதற்குப் பிறகு புகார் சொல்வதையே நிறுத்திவிட்டார். குழந்தைகளையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் சளி பிடித்தது. மருந்துக் கடையில் கேட்டு சிப்ரோஃப்ளாக்ஸசின் வாங்கிப் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் இரவு மூச்சு விட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நெஞ்சில் சளி அதிகம் இல்லை. மூச்சை இழுக்கும் தசைகளே ஓய்ந்துபோயிருந்தன. வென்டிலேட்டரில் வைத்தார்கள். சளியா, மாத்திரையா, எது அவரைத் தள்ளிவிட்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டுமே இந்த நோயை முற்ற வைக்கக்கூடியவை. மயஸ்தீனியா நோயாளிகளில் 15 முதல் 20 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்த மூச்சுத் திணறல் கட்டத்துக்குப் போகிறார்கள்.

அங்கே வந்த நரம்பியல் டாக்டர் பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "எந்தத் தசையில் பார்த்தார்கள்?" படுக்கையிலேயே மெஷினைக் கொண்டுவந்து, கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் தசையிலும், முகத்திலும் சோதித்தார். நான்காவது துடிப்பு முதலாவதைவிட 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பதும் சில நாட்களில் உறுதியானது.

முதல் சோதனையில் இருந்தது மெஷினின் பிழை அல்ல. சோர்வு இல்லாத இடத்தில் சோர்வைத் தேடினார்கள். சித்திக்குக் கண்ணும் தாடையும் தொண்டையும்தான் ஓய்ந்தன, கை ஓயவில்லை. உடலின் மையத்துக்கு அருகில் உள்ள தோள் தசையிலும் முகத் தசையிலும்தான் இந்த நோய் அதிகம் தெரியும். அடுத்தது குளிர். தசை குளிர்ந்திருந்தால் சந்திப்பில் செய்தி நன்றாகவே கடக்கும். சரிந்த இமையின் மேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்தால் இமை உயருகிறதா என்று டாக்டர்கள் பார்ப்பது இதே தத்துவத்தை வைத்துத்தான். ஆகவே ஏசி அறையில் சில்லிட்ட கையில் நடக்கும் சோதனை நோயை ஒளித்துவிடும். கையை 32 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துண்டு போதும்.

மூன்றாவது, உழைப்பு. முதல் பதிவுக்குப் பிறகு நோயாளியை ஒரு நிமிடம் அந்தத் தசையை முழு பலத்தோடு இயக்கச் சொல்லி, பிறகு நிமிடத்துக்கு ஒரு முறை மூன்று நான்கு நிமிடங்கள் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். ஓய்வில் தெரியாத குறைவு அப்போது தலைகாட்டும். நான்காவது, மாத்திரை. பிரிடோஸ்டிக்மின் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குச் சோதனை நார்மலாகக் காட்டக்கூடும். பொதுவாக 12 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதை டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்படுகிறவர் தானாக நிறுத்தினால் ஆபத்து.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. நோய் உடல் முழுக்கப் பரவியவர்களில் நான்கில் மூன்று பேருக்குச் சுமாராக இது பிடிபடும். கண்ணோடு மட்டும் நிற்கும் நோயில் பாதிப் பேருக்குக்கூட பிடிபடாது. அப்படிப்பட்டவர்களுக்கு மிக மெல்லிய ஊசியால் ஒற்றைத் தசை இழைகளின் துடிப்பைப் பதிவு செய்யும் இன்னொரு சோதனை இருக்கிறது. அது 90 சதவீதத்துக்கு மேல் நோயைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதைச் செய்யப் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். எல்லா ஊரிலும் கிடைக்காது. ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்ப்பது இன்னொரு வழி. உடல் முழுக்க நோய் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்கு அது இருக்கும். மற்றவர்களில் சிலருக்கு 2001-ல் கண்டுபிடிக்கப்பட்ட மஸ்க் என்ற வேறொரு எதிர்ப்பொருள் இருக்கும். மறுபக்கமும் உண்டு. துடிப்பு குறைந்தாலே மயஸ்தீனியா என்று முடிவுகட்டிவிட முடியாது. லாம்பர்ட்-ஈட்டன் என்ற நோயிலும், வேறு சில நரம்பு நோய்களிலும் குறையும். லாம்பர்ட்-ஈட்டனில் முதல் துடிப்பே சிறியதாக இருக்கும். பத்து விநாடி உழைப்புக்குப் பிறகு அது இரண்டு மடங்காகக்கூட எழும்பும். அதற்குப் பின்னால் நுரையீரல் புற்றுநோய் ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் இந்த வித்தியாசம் முக்கியமானது.

கண்டுபிடித்துவிட்டால் வழி இருக்கிறது என்பதுதான் இதில் பெரிய ஆறுதல். 1934-ல் லண்டன் கிரீனிச்சில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் மேரி வாக்கர், இந்த நோயின் அடையாளங்கள் க்யூராரே என்ற அம்பு விஷம் ஏறியவரைப் போல இருப்பதைக் கவனித்தார். அந்த விஷத்துக்கு மாற்றான மருந்தை ஊசியில் கொடுத்தார். நோயாளிக்குச் சற்று நேரத்தில் பலம் வந்தது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இன்றைய பிரிடோஸ்டிக்மின் மாத்திரை. அதோடு ஸ்டீராய்டு, அசாதியோப்ரின் போன்றவை எதிர்ப்பொருளை அடக்குகின்றன. மூச்சுத் திணறும் கட்டத்தில் ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுவதும் இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதும் உயிர் காக்கின்றன. நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் 10 முதல் 15 சதவீதம் பேருக்குக் கட்டி இருக்கும் என்பதால் ஸ்கேன் அவசியம். கட்டி இல்லாதவர்களிலும் அந்தச் சுரப்பியை அகற்றுவதால் பலருக்குப் பலன் உண்டு என்பதை 2016-ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு உறுதி செய்தது.

எனவே, உங்கள் வீட்டில் யாருக்காவது மாலையில் இமை சரிந்தால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், பேசப் பேசக் குரல் மாறினால், சாப்பிடும்போது தாடை ஓய்ந்தால், காலையில் எடுத்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பி உட்காராதீர்கள். இமை சரிந்திருக்கும்போது செல்ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். டாக்டருக்கு அது பல சமயம் ரிப்போர்ட்டைவிட உதவும். சோதனைக்குப் போகும்போது எந்தத் தசை ஓய்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கை சில்லென்று இருந்தால் சூடாக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. பேஸ்மேக்கர் வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோய் உறுதியான பிறகு, ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், மக்னீசியம் ஊசி போன்றவற்றை நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் யாரும் கொடுக்கக் கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விழுங்க முடியாமல் போனாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

சித்தி வென்டிலேட்டரிலிருந்து 11 நாட்களில் வெளியே வந்தார். இப்போது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் மாத்திரை போட்டுக்கொள்கிறார். குழந்தைகள் திரும்பவும் வருகிறார்கள். ஆனால் மாலையில் அல்ல, ஞாயிற்றுக்கிழமை காலையில். போன தடவை நான் போயிருந்தபோது என் தம்பி, "அம்மா சொன்னதை விட்டுட்டு அந்தக் காகிதத்தை நம்பினேனேண்ணா" என்றான். சித்தி அதற்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பழைய 'நார்மல்' ரிப்போர்ட்டை அவர் கிழித்துப் போடவில்லை, ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறார். எந்தப் புது டாக்டரிடம் போனாலும் அதைத்தான் முதலில் காட்டுகிறார்.